மூன்றாம் வகுப்பு, யன்னலோரம்

அந்த மனிதர் என் கொட்டிலின் சுவரில் விரலை மடக்கித் தட்டிக்கொண்டு நின்றார். வைத்தியர் நோயாளியின் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல ஓரிடத்தில் தட்டுவார், காதை வைப்பார், ஓர் அடி தள்ளிப்போய்த் திரும்பவும் தட்டுவார். மணி இரண்டேகால். தோட்டத்துப் படலைக் கதவில் கையை வைத்தபடி, பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தானே வழியில் பயம். அந்த நேரத்தில் நான் அந்த இடத்தில் இருப்பேன் என்பது என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு வருடமாகத் தெரியாது.

ஜெர்மனியின் ஹம் நகரத்தின் விளிம்பில், ரயில் பாதையை ஒட்டி, வீட்டோடு நிலமில்லாத ஆட்களுக்குத் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் தோட்டங்கள் இருக்கின்றன. என்னுடைய துண்டு பிரிங்க்மன் அம்மாவிடமிருந்து வந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, கட்டிலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. தோட்டத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டார். குளிப்பாட்டும்போது கேட்டார், சூப்பைக் கரண்டியால் தீத்தும்போது கேட்டார். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் "நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை தோட்டச் சங்கத்தின் அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் அவருடைய தலையணைக்குக் கீழே தயாராக இருந்தது. அங்கே வெண்டி போட்டேன், முளைக்கவில்லை. வெங்காயம் தன்பாட்டில் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குத் தோட்டம் தேவைப்படவில்லை. அந்தக் கொட்டில்தான் தேவைப்பட்டது.

கொட்டில் நீளமும் ஒடுக்கமுமாக இருந்தது. வெளியே பலகை அடித்து, மேலே தார்த்தாள் போட்டிருந்தார்கள். உள்ளே பூப்போட்ட கடதாசி ஒட்டிய சுவர், வளைந்த கூரை, இருக்க மரவாங்கு ஒன்று, ஒரேயொரு யன்னல். யன்னல் கண்ணாடியில் துளைகள் போட்ட ஒரு தோல்வார் தொங்கியது. வாரை இழுத்து ஒரு துளையை முளையில் மாட்டினால் கண்ணாடி அந்த அளவுக்கு இறங்கி நிற்கும். பிரிங்க்மன் அம்மாவின் புருசன் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். என் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வீட்டில் நான் சொல்லியிருந்தது நாலரை. மிச்ச நேரத்துக்கு எழுத்து வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். ஜெர்மனியில் எழுத்து வேலை என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

என் கணவர் கதிர்காமநாதன் கெட்டவர் இல்லை. முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை வைத்து அவரைக் கணிக்கவேண்டாம். தொழிற்சாலையில் முள்ளந்தண்டு பழுதாகி, இரண்டு முறை வெட்டி, வீட்டோடு இருக்கிறார். வாசலைப் பார்த்துப் போட்ட சோபாவில் இருப்பார். நான் வந்ததும் எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தருவார். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்பார். குளியலறையில் இருந்தாலும் கதவுக்கு வெளியே நின்று கேட்பார். அவருடைய தம்பி, ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் பின்னேரம், சந்திக் கடைக்குப் போறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், இன்னும் வரவில்லை. அதை நினைத்தால் அந்தக் கேள்விமேல் கோபப்பட எனக்கு வாய் வராது. கோபப்பட முடியாத ஒன்றோடு ஒரு வீட்டுக்குள் இருப்பதுபோல மூச்சுமுட்டு வேறில்லை.

கொட்டிலுக்குள் போனதும் முதல் வேலையாக நெற்றிப் பொட்டைக் கழற்றி யன்னல் சட்டத்தில் ஒட்டிவிடுவேன். அவருக்கு ஏதும் ஆகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, அம்மாளாச்சி அறிய. நெற்றியில் ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். போகும்போது எடுத்து வைப்பேன். பசை போனதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். தமிழ்க்கடையில் விற்கும் அரக்குநிறச் சின்ன வட்டப் பொட்டு, நான் வேறொன்று வாங்குவதில்லை. வீட்டுக் குளியலறைக் கண்ணாடியிலும் இப்படித்தான் ஒட்டுவேன். அவர் மாதத்துக்கு ஒருமுறை பெருவிரல் நகத்தால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, "கண்ணாடி என்ன உன்ரை நெத்தியோ?" என்று பகிடி விடுவார்.

சுவரைத் தட்டிய மனிதர் தன்னை ஓவர்பெக் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பழைய ரயில் பெட்டிகளைத் தேடித் திருத்தி ஓட்டுகிற சங்கமொன்றின் தலைவர். கையில் ஒரு மங்கிய படம் வைத்திருந்தார். சின்ன எஞ்சின், பின்னால் இரண்டு சில்லுச்சோடி மட்டும் பூட்டிய குள்ளப் பெட்டிகள். ஒரேயொரு பலகையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கெஞ்சினார். ஆணி கிரீச்சென்று இழுபடும்போது என் தொலைபேசி அடித்தது.

"எங்கை நிக்கிறாய்?"

"வேலையிலை."

"என்ன சத்தம் அது?"

"கட்டில் தள்ளினம். பிறகு எடுக்கிறன்."

பலகைக்குப் பின்னால் கரும்பச்சை நிறமும், 14 என்ற இலக்கமும், அதற்குப் பக்கத்தில் தூசு படிந்த ஒரு யன்னலும் இருந்தன. ஓவர்பெக் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. நூறு வருடத்துக்கும் முந்திய கிளைப்பாதைப் பெட்டி என்றார். அந்தப் பாதைகளைக் கிராமங்கள் தங்கள் கைக்காசில் போட்டதால் தண்டவாளம் மெல்லிசு, பாலங்கள் பலவீனம், எஞ்சினுக்கும் இழுவை காணாது. அதனால் பெட்டியை எவ்வளவு இலேசாகச் செய்யலாமோ அவ்வளவு இலேசாகச் செய்தார்கள். மெல்லிய பலகை, மரவாங்கு, நடுவில் ஒரு கரியடுப்பு. கழிப்பறைகூட இல்லை. பாதையை மூடியபோது சில்லுகளை இரும்புக்கு விற்று, உடலைத் தோட்டக்காரருக்குக் கொடுத்தார்கள். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூக்கடதாசிக்குப் பின்னால் அப்படி எத்தனை இருக்கும்?

கொட்டில் என் பெயரில் இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், அவசரமில்லை, யோசியுங்கள், நானே உங்கள் வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு கோப்பி குடித்துக்கொண்டு பேசுகிறேன், பத்திரிகைக்காரரையும் கூட்டி வருகிறேன் என்றார். உடனே கையெழுத்துப் போட்டேன். வாரி வழங்கும் மனம் என்று அவர் நினைத்திருப்பார். அது முழுக்கப் பயம். பத்திரிகை வேண்டாம், கடிதம் வேண்டாம் என்று இரண்டு நிபந்தனை மட்டும் சொன்னேன். ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிய நாளில் பலகையும் கடதாசியும் எல்லாம் உரித்திருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு யன்னல். ஆறு வருடமாக நான் ஒற்றை யன்னலோடு இருட்டுக்குள் இருந்திருக்கிறேன். கிரேன் அதை அலட்டிக்கொள்ளாமல் தூக்கியது. வேலிக்கு மேலே போகும்போது காற்றில் இலேசாக ஆடியது. இவ்வளவு பாரமற்ற ஒன்றுக்குள்ளா நான் இருந்தேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதேன். ஓவர்பெக் ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புல் முளைக்காத நீளச்சதுரம் ஒன்று மிஞ்சியது. நான் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டேன். எழுத்து வேலை திடீரென்று குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்ல ஏலாது. சொன்னால் இரண்டரைக்குச் சோபாவுக்கு முன்னால் நிற்கவேண்டும். ஆப்பிழுத்த குரங்கு மாதிரி என் பொய்யில் என் வால் அகப்பட்டிருந்தது. மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சதுரத்துக்குள் இருந்தேன். இப்படி இரண்டரை வருடம் போனது.

கொப்பியில் குறித்ததை ஓவர்பெக் மறந்திருக்கவேண்டும், கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் கடிதங்களை உடைப்பது அவர். வாசித்துச் சொல்வது மகள் தக்சாயினி. வரி அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள், தபால்காரனைவிடத் தபாலில் கெட்டிக்காரி. வாசித்துக்கொண்டு போனவள் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்காயைப் பார்த்தேன்.

"என்னவாம்?" என்று அவர் கேட்டார்.

"அம்மா பாத்த ஒரு மனுசியின்ரை பழைய கொட்டிலாம், அப்பா. அந்த மனுசி அம்மாவின்ரை பேரிலை எழுதி விட்டவவாம். அது பழைய ரயில் பெட்டியாம். அம்மா சும்மா குடுத்ததுக்கு நன்றி சொல்லி, முதல் ஓட்டத்துக்கு எங்களைக் கூப்பிடினம். பேர்ப்பலகையும் அடிச்சிருக்கினமாம்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருடத்தில் இந்த நாடு எங்களை அழைத்து நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே நண்பர் ஜேசுரட்ணம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். தக்சாயினி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஆறு வருசம் பாவிச்ச தோட்டம் எண்டு எழுதியிருக்கு, அம்மா. எழுத்து வேலை எண்டது அதுவோ?"

"ஓம்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அது என்ரையா இருக்காது, பிள்ளை."

அவள் கத்தியை வாங்கி மிச்சக் கத்தரிக்காயை வெட்டினாள்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர் கோட் போட்டிருந்தார், நான் கூறைப் புடவைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டியிருந்தேன். ஜேசுரட்ணம் அண்ணை குடும்பம் வடைப் பெட்டியோடு வந்திருந்தது. பதினாலாம் நம்பர் பெட்டி புதுச் சில்லுகளோடு பளபளவென்று நின்றது. வாசலில் பித்தளையில் எங்கள் குடும்பப் பெயர். அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். உள்ளே ஏறி, இருந்த அத்தனை வாங்குகளில், யாரும் சொல்லாமலே ஆறு வருடம் நான் இருந்த மூலையில் போய் இருந்தார்.

"இதிலை நல்ல காத்து வரும். நீ முன்னுக்கு இரு, மலர்."

எதிரே இருந்தேன். ஒடுக்கமான பெட்டி, முழங்காலோடு முழங்கால் முட்டியது. தக்சாயினி, ஜேசுரட்ணம் அண்ணை குடும்பத்தோடு மற்றக் கரையில் இருந்தாள். எஞ்சின் கூவியது. சைக்கிள் ஓடும் வேகத்தில் மஞ்சள் கடுகு வயல்களுக்குள் போனோம். அடுத்த நிறுத்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம் என்று அறிவித்தார்கள்.

ஓவர்பெக் பழைய கண்டக்டர் உடுப்பில் வாங்கு வாங்காக விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் யன்னலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். பெட்டியில் இருந்த ஓர் அடையாளத்தையும் அழிக்கவில்லை என்றார். பள்ளிப் பிள்ளைகள் கத்தியால் கீறிய எழுத்து, சுருட்டுச் சூடு, எல்லாவற்றின் மீதும் அப்படியே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பிறகு யன்னல் சட்டத்தைக் காட்டினார். இந்தச் சிவப்பு வட்டங்கள் மட்டும் என்னவென்று எங்களுக்குப் பிடிபடவில்லை, அந்தக் காலத்துக் கண்டக்டர் வைத்த ஏதோ கணக்காக இருக்கலாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாங்குக்குப் போனார். அவர் பிழையென்ன, நெற்றிப் பொட்டைக் கழற்றி ஒட்டிவைக்கும் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்.

என் கணவருக்கு ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் விரல் காட்டிய இடத்தைப் பார்க்கப் பாஷை தேவையில்லை. கண்ணாடிபோல மினுங்கிய வார்னிஷுக்குக் கீழே, இருந்தபடி கை எட்டும் உயரத்தில், அரக்குநிறத்தில் வரிசை வரிசையாக இருந்தன. சில மங்கியவை, சில நேற்று வைத்ததுபோல. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். பிறகு திரும்பவும் சட்டத்தை.

எனக்கு எழும்ப இடமில்லை. கதவுக்கு அப்பால் சின்ன மேடை, அதற்குக் கீழே ஓடுகிற நிலம். மற்றக் கரையில் ஜேசுரட்ணம் அண்ணை எதற்கோ பலத்துச் சிரித்தார். வடை வாசம் வந்தது.

என் கணவர் பெருவிரல் நகத்தைக் கடைசிப் பொட்டின் விளிம்பில் வைத்துச் சுரண்டினார். நகம் வழுக்கியது. திரும்பவும் வைத்தார்.

"எங்கை நிண்டனி, மலர்?"

குரல் உயரவில்லை. தம்பியைப் பற்றிக் கதைக்கும்போது வரும் குரல். வாய் பழக்கத்தில் 'வேலையிலை' என்று வந்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். கை தன்பாட்டில் தோல்வாரைப் பிடித்து, ஒரு துளை இறக்கி மாட்டியது. எத்தனையாவது துளையில் கண்ணாடி ஆடாமல் நிற்கும் என்று அதற்குத் தெரியும். அவர் என் கையைப் பார்த்தார். கடுகுப்பூ மணத்தோடு காற்று எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. அவருடைய நகம் அடுத்த பொட்டுக்குப் போனது.