லோவெல் ஹாஸ் வாய் திறக்காத மூன்று வாரங்கள்

லோவெல் ஹாஸ் எட்டு வருஷம் பாடுபட்டுத் தன் கையாலேயே கட்டிய விமானம் அது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த அந்தச் சின்ன விமானத் திடலில் அதுபோலப் பளபளக்கும் விமானம் வேறொன்று இல்லை. ஆனால் பெயின்ட் அடித்து முடித்த நாளிலிருந்து, மேலே போய் இருபது நிமிஷம் ஆனதும் இன்ஜின் இருமத் தொடங்கியது. இரண்டு முறை பாதியில் திரும்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மின்பெட்டியைச் செய்து கொடுத்தவள் ரோண்டா பிக்ஸ். அதே திடலில் நாலு கொட்டகை தள்ளி, தனி ஆளாக அந்தத் தொழிலை நடத்துபவள். இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் புதுப் பெட்டி கொடுத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பெட்டிமேல காத்து அடிக்கிற குழாயப் பாத்தியா? சூடு ஏறினா அது வேலை செய்யாது, லோவெல்."

"எட்டு வருஷம் கட்டினவன்கிட்ட குழாய் எங்க இருக்குன்னு கேக்குறியா?"

மூன்றாவது பெட்டியும் மக்கர் செய்தது. அந்தச் சனிக்கிழமை, திடலின் விமானிகள் சங்கம் வாராவாரம் நடத்தும் பான்கேக் விருந்தில், நாற்பது பேர் முன்னால், மாவு ஊற்றிக்கொண்டிருந்த ரோண்டாவிடம் லோவெல் சத்தமாகச் சொன்னான்: "நீ பான்கேக்கோட நிறுத்திக்கோ. உன் பெட்டி ஆளக் கொன்னுடும்."

யாரோ சிரித்தார்கள். ரோண்டாவின் காது சிவந்தது, கரண்டி நிற்கவில்லை. அந்த வாரமே, அதே திடலில் விமானம் வைத்திருந்த ஆர்லோவும் வென்டலும் அவளிடம் கேட்டிருந்த பெட்டிகளை வேண்டாமென்றார்கள்.

செவ்வாய்க்கிழமை லோவெல் எண்ணெய் மாற்றும்போது, பெட்டிக்குக் காற்று தரும் குழாயின் வாயில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இழுத்தான். விரல் நீளப் பஞ்சு. பெயின்ட் அடிக்கும்போது உள்ளே போய்விடக் கூடாதென்று அவனே திணித்து, எடுக்க மறந்தது.

கொட்டகையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் அதைக் குப்பையில் போட்டு, மேலே எண்ணெய்த் துணியை மூடினான்.

மறுநாள் ஒன்றரை மணி நேரம் பறந்தான். ஒரு இருமல்கூட இல்லை.

"என்னப்பா, வேற பெட்டி மாட்டினியா?" என்றான் ஆர்லோ.

"ஏதோ பண்ணேன்."

அதன்பிறகு ரோண்டாவின் கொட்டகையைத் தாண்டாமல் சுற்றுவழியில் வண்டி ஓட்டினான். பான்கேக் விருந்துக்கு அவள் வருவது நின்றது. மூன்றாவது சனிக்கிழமையும் அவள் இடத்தில் வேறொருவர் மாவு ஊற்றுவதைப் பார்த்ததும், அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு நேரே அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. "எப்போ பாத்த?"

இன்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மூணு வாரம் ஆச்சு."

"அன்னைக்கு நாப்பது பேர் முன்னாடி சொன்ன. இப்ப என் காதுல வந்து சொல்ற."

திரும்பி நடந்தான். விருந்து முடியவில்லை. மேஜையருகே நின்று, பஞ்சிலிருந்து குப்பைக்கூடைவரை ஒன்று விடாமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"மூணு வாரமாவா?" என்றான் வென்டல். காப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான்.

ஆர்லோ அன்று மாலையே ரோண்டாவிடம் மறுபடியும் பெட்டி கேட்டான். அடுத்த மாதம் அவள் பான்கேக் போட வந்தாள். லோவெலின் தட்டிலும் இரண்டு வைத்தாள், முகத்தைப் பார்க்காமல்.