அலமாரிக்குப் பின்னால்

"ஒன்னு, ரெண்டு... தள்ளுங்க மாமா" என்றான் பெயிண்டரின் மைத்துனன். இரும்பு அலமாரி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் பட்டாணியைக் கொண்டுவந்து கிடத்த இடம் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஆனாலும் வருகிறவர்கள் சுற்றி உட்கார வேண்டுமே.

அலமாரி விலகியதும் பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்புயரத்துக்குச் சுவர் கருத்துக் கிடந்தது. அவர் அடித்த மஞ்சள் தோல்தோலாக உரிந்து, உள்ளே பூஞ்சை அப்பியிருந்தது.

மனைவி எட்டாவது மாதத்தில் இருந்தபோது அடித்த மஞ்சள். சுவருக்குள்ளே குழாய் கசிகிறது, உடைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று பிளம்பர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "என் வீட்டுச் சுவத்துக்கு நான் வைத்தியம் பாத்துக்கறேன்" என்று இவர் மூன்று கோட் அடித்தார். அலமாரி துருப்பிடித்துவிடக் கூடாதென்று ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். அந்த நெடியிலேயே அவள் படுத்தாள். குழந்தை ஐந்து வாரம் முன்னாலேயே பிறந்தது. முதல் மழைக்கே மூச்சிழுப்பு வந்தது.

"வீட்டுல ஈரச் சுவர் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே பெயிண்டர் சார். எங்க வீட்டுச் சுவத்துல முகம் பாக்கலாம்."

டாக்டர் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினார்.

தரையில் ஒரு சின்னத் தலையணை, பிஸ்கட் உறை, துணி பொம்மை. பட்டாணி ஒளிந்துகொள்ளும் இடம். இவர் வீடெல்லாம் தேடுவதுபோல் நடிப்பார். கடைசியில் அவள் இருமல்தான் காட்டிக்கொடுக்கும். "மாட்டிக்கிட்டியா, வா வெளிய" என்று முன்னால் நின்றே கூப்பிடுவார். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"பழையபடி தள்ளிடலாமா மாமா? வர்றவங்க பாப்பாங்க."

அவர் குனிந்து பொம்மையை எடுத்தார். முகத்தில் கரும்புள்ளிகள். கட்டைவிரலால் துடைத்தார். கருப்பு கன்னமெல்லாம் பரவியது.

"குழந்தைய எங்க கிடத்தணும்?" என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் சட்டை நுனியை எச்சிலில் நனைத்து மறுபடியும் துடைத்தார்.