பச்சை விளக்கு எரிந்த வகுப்பறை

பனிச்சறுக்கு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தைமியிடமிருந்து போன் வந்தபோது, சைலா தன் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியே மைனஸ் இருபத்து நாலு.

“உங்க மிஷின் நாறுது” என்றாள் தைமி. காலை வணக்கம்கூட இல்லை.

“தரை நாறுதுன்னுதானே மிஷினே வெச்சோம்?”

“தரை நாத்தம் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அதோடதான் குடித்தனம் பண்றேன். இது மிஷின் வாயிலேர்ந்து வருது. வந்து மோந்து பாருங்க.”

கிவிலம்பி பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் தைமி. அவளுடைய வகுப்பறையில் கான்கிரீட் தளத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டியிருந்தார்கள். அடியில் ஈரம் ஏறி, ஒட்டிய பசை கெட்டு, இனிப்பும் காரமுமாய் ஒரு வாயு அறைக்குள் கசிந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் தைமியின் தொண்டை கட்டிவிடும். மற்ற டீச்சர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. “தைமியை ஏர்போர்ட்ல சேத்துவிடலாம், மோப்ப நாய் செலவு மிச்சம்” என்று ஓய்வறையில் சிரிப்பார்கள்.

கட்டடங்களின் உட்காற்றைச் சோதிப்பது சைலாவின் தொழில். பதினான்கு வருட அனுபவம். நவம்பரில் அவள்தான் அந்த அறையில் மூன்று காற்றுச் சுத்திகரிப்பான்களை வைத்தாள். விற்பனைப் பட்டியலைப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தவை. பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

பள்ளி வாசலிலேயே தலைமையாசிரியர் ஓர்வோ அவளைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல வேளை வந்தீங்க. பன்னெண்டு மணிக்கு நகரசபைக் குழு வருது. தரையைப் பேக்கறதா, இல்ல மிச்சப் பதினோரு அறைக்கும் இதே மிஷினை வெக்கறதான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. பேத்தா பள்ளிக்கூடத்தையே மூடணும். பொடிசுங்க எல்லாம் நாப்பது கிலோமீட்டர் பஸ்ல போகணும். மிஷின் நல்லா வேலை செய்யுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.”

“பாத்துட்டு எழுதறேன்.”

“பாக்க என்னங்க இருக்கு? மூணுலயும் பச்சை எரியுது.”

“அது தூசியை எண்ணி எரியற விளக்கு, ஓர்வோ. வாயு அதுக்குத் தெரியாது.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவளையே குத்தியது. நவம்பரிலும் அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே?

வகுப்பறைக் கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. பத்தொன்பது குழந்தைகள் கம்பளிக் காலுறைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரச் சுத்திகரிப்பானுக்குப் பக்கத்து மேசையில் பீஹ்லா என்ற பெண் சின்னச் சின்னதாய் இருமிக்கொண்டிருந்தாள்.

சைலா வாயுவை அளக்கும் தன் கருவியை எடுத்து, காற்று உள்ளே போகும் பக்கத்தில் பிடித்தாள். முந்நூற்றுப் பத்து. காற்று வெளியே வரும் பக்கத்தில் பிடித்தாள். ஐந்நூற்று அறுபது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். வாசலுக்கு ஓடி வெளிக்காற்றில் பிடித்தாள். எண் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியது. திரும்பி வந்து அடுத்த சுத்திகரிப்பானில் பார்த்தாள். அங்கேயும் உள்ளே போவதைவிட வெளியே வருவதே அதிகம்.

“டீச்சர், விடுமுறையில இதையெல்லாம் அணைச்சீங்களா?”

“ஓடட்டும்னு தலைமையாசிரியர் சொன்னார். ஹீட்டரைக் குறைச்சு, வெளிக்காத்தை உள்ள கொண்டுவர்ற பெரிய விசிறியை நிறுத்திட்டாங்க. இன்னிக்கு ஆறு மணிக்குத்தான் திரும்பப் போட்டாங்க.”

சைலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்பது நாள் பூட்டிய அறை. காற்று மாறாமல் வாயு கூடிக்கொண்டே போயிருக்கிறது. வடிகட்டியில் இருக்கும் கரியின் நுண்துளைகளில் வாயு ஒட்டிக்கொள்ளும்; குளிரில் இன்னும் நன்றாகவே ஒட்டும். துளைகள் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் இடமில்லை. இன்று காலை அறை சூடானது, வெளிக்காற்றும் கலந்து சுற்றிலும் வாயு குறைந்தது. கரி தான் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்டது. சுத்திகரிப்பானின் விசிறி அதை நேராகக் குழந்தைகளின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

மூன்றின் பிளக்கையும் பிடுங்கினாள். “எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

பின்னால் வந்து நின்ற ஓர்வோவின் முகம் சிவந்தது. “குழு வர்ற நேரத்துல ஒரு வகுப்பையே காலி பண்றீங்களா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“நினைக்கட்டும்.”

“டீச்சர்...” என்றது மெல்லிய குரல். பீஹ்லா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மூச்சில் விசில் சத்தம். உதடு வெளுத்திருந்தது.

“ஆஸ்துமா இருக்கு அவளுக்கு. இன்ஹேலர் பையில, வெளிய கொக்கியில!” என்று தைமி கத்தினாள்.

வெளியே கொக்கிகளில் பத்தொன்பது பைகள். சைலா ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் போட்டாள். நீலக் குழாய் பதினோராவது பையில் கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் பீஹ்லாவை உட்காரவைத்துத் தைமி அதை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. நாலாவது அழுத்தலுக்குப் பிறகும் விசில் நிற்கவில்லை. ஓர்வோவே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பதினெட்டு நிமிடம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பதினெட்டு நிமிடமும் சைலா குழந்தையின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். பீஹ்லா அவள் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். “என்னைப் பாத்துக்கிட்டே மூச்சு விடும்மா. மெதுவா. அவசரமே இல்ல.” தன் குரல் நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முகமூடி மாட்டி மருந்து கொடுத்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது.

பதினொன்றரைக்கு சைலா ஆளில்லாத வகுப்பறையில் ஒரு சுத்திகரிப்பானைத் திறந்தாள். தூசி வடிகட்டி தலையணை போலத் தடிமனாக இருந்தது. அதன் பின்னால் கரி: விரல் தடிமன்கூட இல்லாத பஞ்சுத் தகட்டில் தூவிய கறுப்பு மணிகள். கையில் எடுத்தால் ஒரு ரொட்டித் துண்டின் கனம். இந்த அறைக்குக் கரி கிலோக்கணக்கில் வேண்டியிருந்தது.

அவளுடைய மேலாளர் ரெய்மா போனில் பதறினான். “தரையில ஈரம்னு சொல்லு. அது உண்மைதானே? மிஷின் பேச்சை எதுக்கு எடுக்கற? நீயே கையெழுத்துப் போட்டது, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதனாலதான்.”

குழுவில் ஐந்து பேர். சைலா தகட்டை மேசைமேல் வைத்தாள். இரண்டு எண்களையும் சொன்னாள். “தரை கசியற வரைக்கும் எந்த மிஷினும் இந்த அறையைக் காப்பாத்தாது. ஆனா நான் வெச்சது உதவி செய்யாததோட நிக்கல, இன்னிக்குக் கெடுதலும் பண்ணிச்சு. வெச்சப்ப தூசியை மட்டும் பாத்தேன். வாயுவை அளக்கல. தப்பு என்னோடது.”

ஓர்வோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்: “அறையை மூடிடலாம். தரையைப் பேத்துடலாம்.”

பீஹ்லா மறுநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். குழுவும் ஒத்துக்கொண்டது; அந்த வாரமே தரையைப் பெயர்த்தார்கள். விரிப்பின் அடியில் கறுத்த பசை கொழகொழவென்று இருந்தது. பஸ் பயணம் தேவைப்படவில்லை, வகுப்பு நடத்தத் தேவாலயத்தின் கூடத்தைக் கொடுத்தார்கள். சைலாவை ரெய்மா பள்ளி வேலைகளிலிருந்து விலக்கிவிட்டான்.

இருந்தும் சனிக்கிழமை மேசைகளைக் கூடத்துக்கு மாற்றும் நாளில் அவள் வந்தாள். தைமி கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:

“நவம்பர்ல ஏன் அளக்கல?”

பொய் எதுவும் கைகொடுக்காது என்று தெரிந்தது. “நீங்க சொன்னதை நான் நம்பல. உங்களுக்குச் சும்மா ஒரு பிரமைன்னு நினைச்சேன்.”

தைமியின் தாடை இறுகியது. கண்ணில் நீர் கோத்தது, குளிராலும் இருக்கலாம்.

“சரி” என்றாள் கரகரத்த குரலில். “இந்த மேசையை அந்தப் பக்கம் பிடிங்க. படிக்கட்டு வழுக்கும், பாத்து.”