சர்க்கரைக்கு அரை அங்குலம்

கண் டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஆபரேஷன் அன்று காலை அப்பாவின் சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் புரையை எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் தள்ளிப்போடுவார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று.

அப்பா தையல்காரர். கடைக்கு வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். ஒருநாள் நெட்டையான ஒருவர், அப்பா தைத்துக் கொடுத்த பேண்டைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார். ஒரு கால் செருப்பை மூடியிருந்தது. இன்னொன்று கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“மாஸ்டர், எனக்கு ரெண்டு காலும் ஒரே நீளம்தான்.”

“அப்படியா? கொஞ்சம் நேரா நில்லுங்க.”

“நேராத்தான் நிக்கிறேன். உங்க பேண்ட்டுதான் மாடிப்படி ஏறுது.”

அன்று சாயங்காலமே அம்மா போய், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவந்தாள். சின்னக் குழந்தைகூடப் பார்த்துவிடலாம், அவ்வளவு சுலபம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. அதனால் திண்டாடினோம்.

ரத்தம் தொட வேண்டிய பட்டை நகத்தைவிடக் குறுகல். அப்பா அதை முதலில் தலைகீழாகச் செருகினார். பிறகு குப்புறச் செருகினார். மீட்டர் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

“என்ன சொல்லுது?”

“தப்புன்னு சொல்லுதுப்பா.”

“யார் மேல?”

சரியாகச் செருகின பிறகு வேறொரு சிக்கல். காலமெல்லாம் ஊசி தள்ளிக் காய்த்துப்போன விரல்கள் அப்பாவுடையவை. குத்துகிற பேனா ‘டக்’ என்றது. விரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டு அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நாள் முழுக்கக் குத்திக்கிட்டு ‘ஸ்ஸ்’னு கத்துறீங்க. ஆசையாக் கேட்டா ஒரு சொட்டு தர மாட்டேங்கிறீங்களே!”

கத்துவதும் உண்மைதான். கண் தெரியாததால் ஊசி தவறி, விரலின் பக்கவாட்டில் மெத்தென்ற இடத்தில் ஏறிவிடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அப்பா தானாகக் குத்திக்கொள்ளும்வரை நான் பட்டையும் மீட்டருமாகத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டதும் பாய வேண்டும். வேண்டாத நேரமெல்லாம் குத்துகிற ஊசி, நான் நிற்கும்போது மட்டும் ஒழுங்காகத் துணியிலேயே இறங்கியது. பட்டன் வைக்க வந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“மாஸ்டர், ஒரு தடவை குத்திக்குங்களேன். பாப்பாவுக்குக் கால் வலிக்கும்ல?”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா குத்திக்கொண்டார். பட்டை ரத்தத்தை உறிஞ்சியது. நானூற்றுப் பன்னிரண்டு. பட்டன்காரர் சட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். அம்மா மருந்துக்கடைக்குப் போன் போட்டு அழுதாள்.

“கை கழுவினாராம்மா?” என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

அப்பா அதுவரை திராட்சை தின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தது திராட்சையின் சர்க்கரையை. கையைக் கழுவித் துடைத்து அதே காயத்தைப் பிதுக்கி மறுபடி பார்த்தோம். இருநூற்று இருபது.

“பெட்டிக்குள்ள ஒரு காகிதம் இருக்குமே, அதைப் படி,” என்றார் அப்பா. படித்தேன். மீட்டர் காட்டும் அளவு, உண்மையான அளவைவிட நூற்றுக்குப் பதினைந்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதில் இருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

“அட, இவனும் நம்ம தொழில்காரன்தான்! தையலுக்குள்ள போறதுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டியிருக்கான். அந்த அரை அங்குலத்தை உள்ள பிடிச்சுடு. என்ன வருது?”

“நூத்தி எண்பத்தேழு.”

“பாத்தியா!”

“குறையவோன்னும்தானே போட்டிருக்கு?” என்றாள் அம்மா. “அது குறைச்சுக் காட்டியிருந்தா? கூட்டுடி.”

இருநூற்று ஐம்பத்துமூன்று.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த எண்ணும் தனியாக இருந்ததில்லை. அடுப்படியில் அம்மா என்னை இழுத்துவைத்துச் சொன்னாள், “அப்பாகிட்ட இருபது கூட்டியே சொல்லு. அப்பதான் வாயைக் கட்டுவாரு.” கடையில் அப்பா ரகசியமாகச் சொன்னார், “அம்மாகிட்ட இருபது குறைச்சே சொல்லு. அப்பதான் வயிறு நிறையப் போடுவா.” எனக்கு இரண்டுக்கும் துணிச்சல் இல்லை. மறுநாள் மீட்டர் இருநூற்றைந்து காட்டியது. இரண்டு பேரிடமும் இருநூற்றைந்து என்றே சொன்னேன்.

“உங்கம்மா இருபது கூட்டச் சொல்லியிருப்பா,” என்றார் அப்பா. “அது போக நூத்தி எண்பத்தஞ்சு. அரை அங்குலம் போக நூத்தி ஐம்பத்தேழு. எனக்கு வியாதியே கிடையாது.”

“உங்கப்பா இருபது குறைக்கச் சொல்லியிருப்பாரு,” என்றாள் அம்மா. கூட்டிக் கூட்டி இருநூற்று ஐம்பத்தொன்பதில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரே சொட்டு ரத்தத்துக்கு அப்பா இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அம்மா அவருக்காக அழுதாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. வீட்டு மீட்டரில் நூற்றுத் தொண்ணூறு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் மீட்டரில் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு.

“சிஸ்டர், உங்க மெஷின் கொஞ்சம் தாராளமா வெட்டுது,” என்று அப்பா எங்கள் மீட்டரை மேசைமேல் வைத்தார். நர்ஸ் இரண்டையும் பார்த்தார். அப்பாவின் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தன் விரல்களைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவையும் தள்ளிப்போட்டா கடையைப் பூட்டிட வேண்டியதுதான். பேண்ட்டு தெரியாட்டிப் பரவாயில்ல. வர்ற ஆளுக்குக் கால் எங்க முடியுதுன்னே தெரியல.”

டாக்டர் லேப் காகிதத்தோடு வந்தார். “நூத்தித் தொண்ணூத்தெட்டு. ஓரத்துல தேறிட்டீங்க. உள்ள வாங்க.”

“அதுல அரை அங்குலம் கழிச்சா நூத்தி அறுபத்தெட்டு, டாக்டர்,” என்றார் அப்பா.

“கூட்டினா இருநூத்தி இருபத்தெட்டு!” என்றாள் அம்மா.

டாக்டர் நின்றுவிட்டார். “இருநூத்தி இருபத்தெட்டா? யார் பாத்தது?”

“யாரும் பாக்கல. ஒரு ஜாக்கிரதைக்குத்தான் சொன்னேன்.”

“அம்மா, உங்களுக்கு மனசு இல்லன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்.”

அப்பா காற்றில் துழாவி அம்மாவின் கையைப் பிடித்தார். “கூட்டாதடி. இன்னைக்கு ஒருநாள் கூட்டாத.”

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நூத்தித் தொண்ணூத்தெட்டுதான் டாக்டர்,” என்றாள் கடைசியில். “ஒண்ணுகூட அதிகமில்ல.”

“நானும் கழிக்கல,” என்றார் அப்பா. கழிக்காமல் இருந்தது அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். அப்பா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவின் புடவை ஓரத்தில் பிரிந்துகிடந்த தையலைப் பார்த்து முகம் சுளித்தார். டாக்டர் கையை நீட்டினார்.

“இது எத்தனை விரல்?”

“மூணு.”

“சபாஷ்.”

“அவரு எப்பவுமே குறைச்சுத்தான் சொல்லுவாரு டாக்டர்,” என்றாள் வாசலருகே நின்ற அம்மா. “நாலா இருக்கும்.”

டாக்டர் தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.