அப்பாவுக்கு வெட்டிய குழி

"யாரும் மம்பட்டிய எறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே அக்கா நிஷா அப்பாவுக்கு வெட்டிய குழிக்குள் குதித்ததும், ஜான்சனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பாவின் பெட்டி வேப்பமர நிழலில் காத்திருந்தது. உத்திரமேரூரிலிருந்து வந்த பாஸ்டருக்கு நாலு மணிக்கு இன்னோர் அடக்கம். இந்த வெயிலில் பிணத்தை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? குழி வெட்டும்போது பழைய எலும்பு வந்தால் கால்மாட்டில் போட்டு மூடுவதுதான் இந்தக் கல்லறைத் தோட்டத்தில் வழக்கம். அதற்குப் போய் யாராவது குதிப்பார்களா?

இவள் குதிப்பாள். இருபது வருஷமாக இவள் பிழைப்பே அதுதானே! எந்தெந்த நாட்டிலோ கொன்று புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து, எலும்பைப் பார்த்து இன்னார் என்று சொல்லும் வேலை. ஊரார் பிணத்துக்கெல்லாம் அழைத்ததும் ஓடியவளுக்கு, அப்பா படுக்கையில் கிடந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் வர முடியவில்லை.

"யக்கா, ஏறி வா. ஒன் ஆபீஸு வேலைய இங்க ஏன் பண்ணிக்கினு கீற?"

"டேய், இவர யாரும் அடக்கம் பண்ணல. குப்புறத் தள்ளியிருக்காங்க. ரெண்டு கையும் கம்பியால கட்டிக் கீது. போலீசுக்குப் போன் போடு. அவங்க வர்ற வரைக்கும் இந்தக் குழிய யாரும் தொடக்கூடாது."

"இன்னா பேஜாரு இது! அப்பாவ எங்க வெக்கிறது, ஒன் தலையிலயா?"

அவள் காதில் வாங்கவில்லை. விரலால் மண்ணை விலக்கியபடி கேட்டாள்: "எடது முன்கை ஒடைஞ்சி கோணலா கூடியிருக்குது. அப்பிடி யார்னா இருந்தாங்களா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிட்டம்மாள் வந்தாள். அவள் புருஷன் முனியன், கல்குவாரி வெடியில் செத்த ஆளுக்காகப் போலீசில் சாட்சி சொல்வேன் என்று கிளம்பிய அன்றே காணாமல் போனவன். பதினெட்டு வருஷமாகிறது. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றுதான் ஊரே பேசியது. டீக்கடையில் அவள் காதுபடவே ஜான்சனும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவள் குழி ஓரம் குந்தி எட்டிப் பார்த்தாள்.

"வண்டியிலேர்ந்து வுயுந்த கை. கட்டுப் போட்டும் கோணிக்கினுதான் இருந்துச்சி" என்றாள். பிறகு ஜான்சனை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு எங்கியும் ஓடல, தம்பி."

ஜான்சன் போலீசுக்குப் போன் போட்டான். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய், யாரையும் கூப்பிடாமல், அப்பாவுக்கு வேறு குழி வெட்டத் தொடங்கினான்.