ஜன்னலில் வைத்த மருந்து

சௌந்தரராஜனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனபோது தங்கமணி முதலில் பழி போட்டது அதிரசத்தின் மேல். அறுபது தாண்டிய மனுஷன், ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுகிறவர், தான் அசந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ரோடு வேலை ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கொடுக்கலாம் என்று ஓசூரிலிருந்து வெல்லம் சுமந்து வந்து சுட்டு வைத்த அதிரசம் அது. “சத்தியமா தொடலம்மே” என்றார் அவர். சத்தியம் பண்ணக்கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமைதானே பேசினீர்கள் என்று அவள் மடக்கினாள். டப்பாவைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள் தங்கமணி.

அவர்கள் இருந்தது இமாசலத்தில் ஒரு மேட்டுக் கிராமம். ஓசூர் சபையில் ஒருநாள் போதகர் கேட்டார்: மலை ரோட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் கிறிஸ்தவர்களில் கொஞ்சம் பேர் பனி வெட்டுவதற்காகக் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், பண்டிகைக்குக்கூட அவர்களோடு இருக்க ஊழியக்காரர் இல்லை, யார் போகிறீர்கள்? வாலிபப் பிள்ளைகள் எல்லாம் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். சௌந்தரராஜன் கையைத் தூக்கினார். ஞானஸ்நானம் வாங்கியும் அப்பன் வைத்த பெயரை மாற்றிக்கொள்ளாத பிடிவாதக்காரர் அவர். சிப்காட் ஃபேக்டரியில் வடக்கத்திக் காண்ட்ராக்ட் பையன்களை வைத்து வேலை வாங்கியே இந்தியைப் பிடித்துக்கொண்டவர். கன்னடமும் தெலுங்கும் ஓசூரில் தெருவில் நின்றாலே வந்துவிடும், இந்தி அப்படி வராது. அதனால் சபைக்கும் அவரை அனுப்பத் தோதாகப் போயிற்று. தங்கமணி கையைத் தூக்கவில்லை. ஆனாலும் பெட்டி கட்டினாள். இவரைத் தனியாக அனுப்பினால் தினமும் இன்சுலின் ஊசி போடுவது யார்?

அந்த மருந்து விஷயத்தில் அவள் கண்ணும் கருத்துமாக இருப்பாள். சூடு பட்டால் கெட்டுவிடும், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று ஓசூர் டாக்டர் சொன்னதிலிருந்து, கரண்ட் போனால் கூட ஈரத்துணி சுற்றிப் பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றுகிறவள். இந்த மலை வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. தேடிப் பார்த்ததில் ஒரு நல்ல இடம் அகப்பட்டது. குளிருக்காக ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. மருந்துக் குப்பிகளை அதில் அடுக்கினாள். ஊரே ஃப்ரிட்ஜாக இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று அவரும் சிரித்தார். காலையில் மருந்து கல்லாக உறைந்திருக்கும். அதைத் தகர அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கி, தவறாமல் ஊசி போட்டுவிடுவாள்.

அப்புறம்தான் பனி கொட்டத் தொடங்கியது. அழகாக இருக்கிறது என்று முதல் நாள் மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். மறுநாள் கதவைத் திறக்க முடியவில்லை. ரோடு இருந்த இடம் எது, பள்ளம் இருந்த இடம் எது என்றே தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து சௌந்தரராஜனுக்குத் தாகம் அடங்கவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தார், குடித்ததை வாந்தி எடுத்தார். மூச்சு ஓடி வந்தவர் போல வாங்கியது. அதில் பழம் அழுகின மாதிரி ஒரு வாடை. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் போய்விட்டது என்று மட்டும் காட்டியது. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கக்கூடத் தங்கமணிக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கார நோர்பு, பனி தள்ளும் மிஷின் ஓட்டுகிறவன், தன் வீட்டு மாடியில் ஒரு மூலையில் சிக்னல் கிடைக்கும் என்று காட்டினான். அங்கே நின்று மகள் தர்ஷினியைக் கூப்பிட்டாள். தர்ஷினிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக் கடையில் வேலை. அப்பா எவ்வளவு மருந்து போடுகிறார், எப்போது போடுகிறார் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாள்.

“மருந்த எங்கம்மா வெச்சிருக்க?”

“ஜன்னல்லதான். நல்லா ஜில்லுனு இருக்குது.”

“ஐஸாச்சா?”

“காலைல ஆவும். உருக்கிப் போட்டுர்றன்.”

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். “ஐஸாயிட்டா மருந்து செத்துப் போயிரும்மா. நீ இத்தன நாளாப் போட்டது வெறும் தண்ணி.”

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, காத்திருக்காதே என்று தர்ஷினி அழுதுகொண்டே சொன்னதும் லைன் போனதும் ஒன்றாக நடந்தது. தங்கமணி செல்போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாடியிலேயே நின்றாள். தாலி கட்டினவனைத் தன் கையாலேயே, தினமும் பொழுது விடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டு இருந்திருக்கிறாள். அந்த நினைப்போடுதான் படி இறங்கினாள்.

கீழே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது உண்மையைச் சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். “நீ சொன்னது நெசமா இருக்குமோ என்னமோ. தூக்கத்துல நான்தான் தின்னுட்டனோ தெரியல. மன்னிச்சுக்க.” அவள் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். சொல்லவில்லை. சொன்னால் தாங்குவாரோ மாட்டாரோ என்று காரணம் தேடிக்கொண்டாள், உள்ளபடிக்குப் பயம்தான்.

ராத்திரியே நோர்பு போய்ச் சொல்லியிருந்ததால், கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் ஜார்க்கண்ட் ஆட்கள் வந்தார்கள். புதுச் சட்டை போட்டு ஆராதனைக்கு வர வேண்டியவர்கள் மண்வெட்டியும் கயிறுமாக வந்து நின்றார்கள். அவர்களுக்கு மூத்தவன் முர்மு விஷயத்தைச் சொன்னான்: நோர்பு மிஷினை முன்னால் விட்டுப் பனியைத் தள்ளுவான், பின்னாலேயே கட்டிலில் வைத்துத் தூக்கிப் போவோம், கீழேயிருந்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லியாயிற்று. ஆனால் நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் ஆம்புலன்ஸ் நிற்கும். அந்த இடத்துக்கு மிஷின் வராது.

ஏன் வராது என்று அவள் கேட்கவில்லை. சரிவுக்கு வந்ததும் தானே தெரிந்துகொண்டாள். தலைக்கு மேல் மலையளவு பனி, இப்போதோ அப்போதோ என்று தொங்கிக்கொண்டு இருந்தது. கீழே பாதாளம். நோர்பு மிஷினை அணைத்தான். போன வருஷம் இதே இடத்தில் ஒரு ஜீப்பைப் பனி அள்ளிக்கொண்டு போயிற்றாம். இதைத் தாண்டும்வரை ஒருத்தரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, சத்தம் போட்டு ஜெபம் பண்ணவும் கூடாது; சத்தம் கேட்டால் மலை இறங்கி வரும் என்பது இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை, நம்பினாலும் நம்பாவிட்டாலும் அப்படியே செய்யுங்கள் என்றான் நோர்பு. அவன் முகத்தைப் பார்த்ததும் தங்கமணி நம்பிவிட்டாள்.

எல்லாரும் சேர்ந்து உயிரோடு அந்தப் பக்கம் போவோமா என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். சொல்ல வேண்டியதை இப்போது சொல்லாவிட்டால் சொல்லவே முடியாமல் போகலாம். அவள் குனிந்து அவர் காதில் வாயை வைத்தாள்.

“நீங்க திங்கலங்க. மருந்து ஐஸாகிக் கெட்டுப் போச்சு. ஜன்னல்ல வெச்சுக் கெடுத்தது நான்தான்.”

அவர் அசையவில்லை. கேட்டதோ இல்லையோ. முர்மு கையைக் காட்டினான். நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். தலைப்பக்கம் அவள் நடந்தாள். மற்றவர்கள் தள்ளித் தள்ளி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள். முழங்கால்வரை பனி. ஒவ்வொரு அடிக்கும் கீழே நறுநறுவென்று சத்தம் வந்தது, அந்தச் சத்தத்துக்கே மலை இறங்கிவிடுமோ என்று அவள் மேலே பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சௌந்தரராஜன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “அப்ப நான் திருடல” என்றார், நன்றாகவே கேட்கும்படி. முன்னால் போன முர்மு சடாரென்று திரும்பினான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷனுக்கு மனசு லேசாகிவிட்டது போல, பாட ஆரம்பித்துவிட்டார். ஓசூரில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போனால் மைக் இல்லாமல் தெருக்கோடி வீடு வரைக்கும் கேட்கிற குரல் அது. உடம்பு அத்தனை ஓய்ந்த பிறகும் எங்கே இருந்து வந்ததோ, பிறப்பின் பாட்டு அந்தப் பள்ளத்தாக்கில் எழுந்தது.

மேலே எங்கேயோ பனி சறுக்கிப் பொடியாக உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. தங்கமணி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் வாயைப் பொத்தினாள்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு, ஊழியத்துக்கு என்று வந்த இடத்தில், ஆண்டவரைப் பாடிய புருஷன் வாயைப் பொத்துகிறாள் ஒருத்தி. என்ன கொடுமை இது. உள்ளங்கைக்குள் அவர் உதடு இன்னமும் பாடிக்கொண்டு இருந்தது. சூடாக, கெட்ட வாடையோடு அவர் மூச்சு கையில் முட்டியது. மூக்கை மறைக்காமல் விரலை இறக்கிக்கொண்டாள். கையை எடுத்தால் மலை வரும், இத்தனை பேரும் போவார்கள், ஜார்க்கண்டில் இவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். எடுக்காவிட்டால் இவர் மூச்சு என்ன ஆகும்? அவளுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் சத்தம் வரும்.

பாதி தூரத்தில் கைக்குள் இருந்த உதடு நின்றுவிட்டது.

பாட்டை நிறுத்தினாரா, எல்லாமே நின்றுவிட்டதா? அவளுக்குத் தெரியவில்லை. நிற்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. பனி பட்டு விறைத்த கைக்கு மூச்சு படுகிறதா என்றும் புரியவில்லை. கையை மட்டும் எடுக்காமல் நடந்தாள். கொன்றது கொன்றதுதானே, மருந்தில் பாதி கையில் பாதி என்று ஒரு நினைப்பு வந்து அவளைப் பிய்த்துத் தின்றது. அந்தச் சரிவு முடியவே இல்லை.

கட்டிலை இறக்கினார்கள். முர்மு அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல் விரலாகப் பிரித்துக் கையை எடுக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பெண் ஓடி வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். உயிர் இருக்கிறது என்றாள். தன் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்து ஊசி போட்டாள், டிரிப்ஸ் ஏற்றினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை எதுவும் சொல்ல முடியாது, ஆனால் சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றாள்.

தங்கமணி அவர் முகத்தருகே மண்டியிட்டாள். அவர் கண் கொஞ்சமாகத் திறந்தது. உதடு அசைந்தது.

“தாண்டிட்டமா?”

“தாண்டிட்டோங்க.”

“அப்ப பாடலாமா, மே?”

அவள் தலையாட்டினாள். அவர் பாடினார், குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவள் காதை அவர் உதட்டில் வைத்துக் கேட்டாள். முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை அந்த மனுஷன். அவள் கை வைத்து மூடிய இடத்திலிருந்து, அந்த அடியின் மிச்சத்தைப் பாடிக்கொண்டிருந்தார்.