ஆச்சு என்று சொன்னவள்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ‘மூளையைக் காக்க ஐந்து வழிகள்’ என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், நாலு பேரோடு பேசிச் சிரியுங்கள், பதற்றப்படாதீர்கள், நடங்கள். எழுதி முடித்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“யாருக்குடி இதெல்லாம் எழுதுற?” என்றாள். “இதுல நடக்கிறது ஒண்ணுதான் எனக்குக் கிடைக்குது. ஒரு ஷிஃப்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.”

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கதையாக்கப் பார்க்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்தக் கிடங்கின் விளக்குகள் நிலவைப் போல

[அடித்துவிட்டேன். டியூப்லைட் டியூப்லைட்டைப் போலத்தான் இருக்கும்.]

இரண்டாம் முயற்சி. அக்கா ஒரு பெரிய கிடங்கில், ஆர்டர் வந்த பொருள்களை அடுக்குகளிலிருந்து எடுத்துக் கொடுப்பவள். காதில் ஹெட்செட். அதற்குள் ஓர் இயந்திரக் குரல்: “வரிசை ஏழு. அடுக்கு நாற்பத்திரண்டு. மூன்று பெட்டி.” எடுத்து வண்டியில் வைத்ததும் அவள் “ஆச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் குரல் அடுத்த அடுக்குக்குப் போகும். தாமதித்தால் மேற்பார்வையாளரின் திரையில் அவளுடைய எண் சிவப்பாகும். நாளொன்றுக்கு ஆயிரம் ஆச்சு. பக்கத்து வரிசைக்காரியோடு பேசக்கூடாது; மைக் குழம்பிவிடுமாம். கழிப்பறை கோடியில் இருப்பதால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் பேசத் தடையில்லை. இருந்தும் யாரும் பேசுவதில்லை, பழக்கம் விட்டுப்போய்விட்டது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மூளை கழுத்துக்கு மேலே தனிக்குடித்தனம் நடத்தவில்லை. நாக்கு வறண்டால் அதற்கும் வறட்சி. பேச ஆளில்லாவிட்டால் அதற்கும் தனிமை. நாள் முழுக்க விரட்டினால் எதையும் பதிய வைத்துக்கொள்ளாமல், தப்பித்தால் போதும் என்று ஓடும். இது தெரியாதவர்களா கிடங்கு நடத்துகிறார்கள்? நன்றாகவே தெரியும்.)

3

ஒரு நாள் காலையில் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“அம்மாவுக்கு வலிப்பு மாத்திரை குடுத்துட்டியா?”

“ஆச்சு.”

மதியம் அக்காவின் மாமியார் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். அன்றைய மாத்திரை அட்டையிலேயே இருந்தது.

“குடுக்காமலே குடுத்தேன்னு ஏன் பொய் சொன்னே?”

“பொய் இல்லீங்க. நீங்க கேட்டீங்க, வாய் சொல்லிடுச்சு.”

அன்றிலிருந்து அத்தான் மாத்திரை டப்பாவைத் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறார்.

[இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே சந்தேகித்தேன். சாக்குச் சொல்கிறாளோ? மறுநாள் வீட்டுக்குப் போய், “சாப்பிட்டியாக்கா?” என்றேன். “ஆச்சு” என்றாள். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை. சந்தேகப்பட்டதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.]

4

அக்கா நிர்வாகத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். தண்ணீர் குடிக்க நேரமும், ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் ஹெட்செட் இல்லாத வேலையும் கேட்டாள். அவர்கள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள்.

“ஆழமா மூச்சு விடுங்க. வீட்ல குறுக்கெழுத்துப் போடுங்க.”

“மூச்சு விட எத்தனை நொடி தருவாங்க சார்?”

அவர் சிரித்தாராம். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார், பாவி.

பிறகு மேலாளர் ஒரு தாளை நீட்டினார். ‘என் மறதிக்கும் என் பணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.’ வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. இல்லையென்றால், “வீட்ல நல்லா ஓய்வெடுத்துக்குங்கம்மா.”

“போட்டா, அத்தை மண்டையை உடைச்சது நான்தான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்டி,” என்றாள் அக்கா. “போடலேன்னா வேலை போச்சு.”

5

முடிவு அ: தாளை மேலாளர் முகத்துக்கு நேரே சுக்குநூறாகக் கிழிக்கிறாள்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “கிழிச்சா இன்னொண்ணு எடுத்து நீட்டுவாங்க” என்றாள்.

முடிவு ஆ: எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் ஹெட்செட்டைக் கழற்றி

“அதுக்கு மொதல்ல ஒருத்தி பேரு இன்னொருத்திக்குத் தெரியணும்டி.”

அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டேன். என் ஆத்திரத்தைத் தீர்க்க அவளைக் கருவியாக்க முடியாது.

6

இன்று வெள்ளி. மதியம் தாண்டிவிட்டது. போன் செய்தேன்.

“கையெழுத்துப் போட்டியாக்கா?”

“ஆச்சு.”

வைத்துவிட்டாள்.

போட்டாளா? வாய் சொல்லிவிட்டதா? எனக்குத் தெரியாது. இதற்குமேல் நான் எழுதப்போவதும் இல்லை. நீங்கள் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். கேள்வி மட்டும் கேட்காதீர்கள்; கேட்டால் என்ன பதில் வரும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அவளாக வாயைத் திறக்கும்வரை சும்மா இருங்கள்.

அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கும் அந்த மேற்பார்வையாளருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எழுந்து போய்விடுங்கள்.